கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அக்கா

“உன் வேலை என்னன்னு ஒரே வரியில சொல்லுக்கா. பொண்ணு வீட்டுல கேட்டா நான் முழிக்கக் கூடாது.”

“உடம்புக்கு நல்லதை எப்படிச் சொன்னா ஜனங்க கேப்பாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன்.”

“அதாவது பயமுறுத்துறது.”

“பயம் மட்டும் இல்லடா. குற்ற உணர்ச்சி இருக்கு, அருவருப்பு இருக்கு, பெருமை இருக்கு, நம்பிக்கை இருக்கு. எது எப்போ வேலை செய்யும்னு அளந்து பாக்கணும்.”

“நம்ம அம்மா இத்தனையையும் ஒரே வேளைச் சாப்பாட்டுல பண்ணுவாங்களே. அவங்களுக்கு யாரும் டாக்டர் பட்டம் குடுக்கலையே?”

“அம்மா அளந்து பாக்கல.”

“அளக்காமலே நான் மொத்தத் தட்டையும் காலி பண்ணினேன்!”

இந்தப் பேச்சு நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். தம்பி காப்பீட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த முகவர். பெண் வீட்டில் அவன், “எங்க அக்கா சுகாதாரத் துறையில பெரிய ஆளு” என்று ஒரே போடாகப் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டான். அதன் பிறகு அவன் மாமியார் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அக்காவுக்குத்தான் போன் வரும்.

அக்கா பிறகு பேராசிரியை ஆனாள். மாணவர்கள் வைத்த பெயர் ‘பயம் மேடம்’. அவளைக் கண்டு பயந்து வைத்த பெயரில்லை. அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் ஆராய்ச்சி சிகரெட் பெட்டியின் மேல் இருக்கும் பயங்கரப் படங்களைப் பற்றியது. ஆட்களைக் கூட்டிவந்து, விரல்களில் இரண்டு உலோகப் பட்டைகளைக் கட்டி, அழுகிய நுரையீரலைக் காட்டி, எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்தாள். நன்றாகவே வியர்த்தது. வியர்த்தவர்கள் வெளியே போய்ச் சிகரெட்டை விட்டார்களா என்றால் அதுதான் இல்லை. படம் தெரியாமல் பெட்டியைப் போட்டுவைக்க அழகான டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். பயத்தை மட்டும் காட்டினால் மனிதன் கண்ணை மூடிக்கொள்வான், தப்பிக்கிற வழியையும் கூடவே காட்ட வேண்டும் என்று அவள் எழுதிய கட்டுரையை நாலைந்து நாடுகளில் படித்தார்கள். தம்பி படிக்கவில்லை. “நான் பயத்தை வித்து கமிஷன் வாங்குறேன், நீ பயத்தை அளந்து சம்பளம் வாங்குற. ரெண்டும் ஒரே கடைதான்” என்று மட்டும் சொன்னான்.

இப்போது பயம் மேடத்தின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டன.

சிறுநீரக மருத்துவர் சுற்றி வளைக்காத மனிதர். மாத்திரைகள் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் ரத்தத்தைச் சுத்தம் பண்ண மெஷினில் உட்கார வேண்டும், அதற்கு முன்னாடியே யாராவது ஒரு சிறுநீரகம் தந்தால் ரொம்ப நல்லது என்றார். கணவர்தான் முதலில் போய்க் கையை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறவர், எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் நம்புவார். ரத்தம் சேரவில்லை என்று வந்ததும் இன்னொரு இடத்திலும் போய்ச் சோதித்துப் பார்த்தார். அங்கேயும் அதே பதில். “இத்தனை வருஷமா ஒரே சோப்பு, ஒரே சீப்பு. ரத்தம் மட்டும் வேற கட்சி” என்று அலுத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது தம்பி. அவனுக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகை. கல்லூரி நாளில் அவன் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போய் இடது காலை நொறுக்கிக்கொண்டபோதே அது தெரியும். ரத்தம் கொடுத்தவள் அவள்தான்.

தம்பியிடம் அவள், “கிட்னி கொஞ்சம் மக்கர் பண்ணுது, மாத்திரை சாப்பிடறேன்” என்பதோடு நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவான், சோபாவில் காலை நீட்டுவான், தொலைக்காட்சியில் வருகிறவர்களையெல்லாம் திட்டுவான். அவள் எதிரே உட்கார்ந்து வாயைத் திறப்பாள். “இன்னொரு காபி?” என்று கேட்டு மூடிக்கொள்வாள். இப்படியே எட்டு மாதம் ஓடியது. தம்பிக்கு அசிடிட்டி வந்ததுதான் மிச்சம்.

“நேராப் போய்க் கேளேன்” என்றார் கணவர்.

“முன்சோதனை பண்ணாம எப்படிங்க?”

ஒரு சுவரொட்டியைக்கூட அவள் அப்படி வெளியே விட்டதில்லை. முதலில் பத்துப் பேரிடம் காட்ட வேண்டும், அவர்கள் முகம் எங்கே சுளிக்கிறது, எங்கே இளகுகிறது என்று பார்க்க வேண்டும், பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும். கைகழுவச் சொல்வதற்கே இத்தனை பாடு என்றால், கிட்னி கேட்பதற்கு வேண்டாமா?

“என்னைக் கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியும் முன்சோதனை பண்ணியா?”

“பண்ணேன். சிநேகிதிங்க மூணு பேர்கிட்ட உங்க போட்டோவைக் குடுத்து மார்க் போடச் சொன்னேன்.”

“எவ்ளோ வந்துச்சு?”

“பங்கேத்தவங்க சொன்னதை வெளியிடக் கூடாதுங்க. ஆராய்ச்சி ஒழுக்கம்.”

கணவர் அன்று முழுக்க அந்த மூன்று சிநேகிதிகளையும் நினைத்துக்கொண்டு உர்ரென்று இருந்தார்.

பல்கலைக்கழகத்தில் உறுப்புதானப் பிரசாரத்துக்காக ஏற்கெனவே ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ‘உடன்பிறந்தோருக்கு இடையிலான தானம்’ என்று ஒரு கிளையை அவள் முளைக்க வைத்தாள். கூடப்பிறந்தவனிடம் அக்கா பேசுவது போல மூன்று விதமாகக் கடிதம் எழுதினாள். ஒன்று பயம். ஒன்று நன்றிக்கடன். மூன்றாவது, ‘உன் இஷ்டம்’. எழுதும்போது இது ஆராய்ச்சிக்கு, அது எனக்கு என்று மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டாள். அந்தக் கோடு எங்கே இருந்தது என்று கேட்டிருந்தால் அவளுக்கே காட்டத் தெரிந்திருக்காது.

அந்தக் கடிதங்களைப் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்கிற கலந்துரையாடலுக்கு ஆள் பிடித்துத் தர ஒரு நிறுவனம் இருந்தது. எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் யோசிக்காமல் சொன்னாள்: நாற்பத்தைந்து வயதை ஒட்டிய ஆண். மணமாகி, குழந்தைகள் உள்ளவர். கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. கல்லூரியைப் பாதியில் விட்டவர். கமிஷனில் பிழைப்பவர். வாயாடியாக இருந்தால் நல்லது.

இப்படி வலை நெய்தால் அதில் யார் வந்து விழுவான் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். பேராசிரியைக்குத் தோன்றவில்லை. பட்டியலைப் பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும். ஆராய்ச்சியாளர் பங்கேற்பாளர் பெயரைப் பார்க்கக் கூடாது, எண்ணை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று துறையில் விதி இருந்தது. அந்த விதியைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

கலந்துரையாடல் அறை நீளமானது. நடுவில் மேஜை, ஏழு நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு தட்டு பிஸ்கட். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும், இந்தப் பக்கம் இருட்டறையில் இருப்பவர்களுக்கு அவர்கள் தெரிவார்கள். அவள் இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சின்ன மைக். அதில் பேசினால் மேஜைத் தலைப்பில் உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவியின் காதில் மட்டும் கேட்கும். கடிதங்களை எழுதியது யாருக்காக என்று மாணவிக்குத் தெரியாது.

முதலில் வந்தவர் வீட்டுத் தரகர். பிறகு பழைய கார் விற்பவர். பிறகு இன்னும் மூன்று பேர். ஆறாவதாக வந்தவர் நேராகக் கண்ணாடிக்கு முன் வந்து நின்று சீப்பை எடுத்துத் தலையை வாரினார்.

தம்பியின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவன் உதட்டை விரித்துப் பல்லைப் பார்த்தான், மூக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பார்த்தான், திருப்தியாகி உட்காரப் போனான்.

“ஆறாம் நம்பரை வெளிய அனுப்பு” என்றாள் மைக்கில்.

மாணவி காதைச் சொறிந்தாள். ‘முடியாது’ என்று அர்த்தம். அதற்குள் ஆறாம் நம்பர் எல்லோருக்கும் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“வாழ்க்கை நம்ம கையில இல்ல சார். நான் சொல்லி உங்களுக்குத் தெரியணுமா? குழந்தைங்க எத்தனை உங்களுக்கு?”

இதற்காகத்தான் அவன் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கெல்லாம் வருகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வியாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி வயிறு கலங்கி வெளியே வருகிற ஆண்களைவிடச் சுலபமாக பாலிசி எடுக்கிறவர்கள் உண்டா?

மாணவி முதல் கடிதத்தைப் படித்தாள். ‘தம்பி, நீ தராவிட்டால் நான் பிழைக்க மாட்டேன். நான் இல்லாத வீட்டை நினைத்துப் பார்.’

“எங்க அக்கா இல்லாத வீடா? நிம்மதியா இருக்குமே” என்றார் வீட்டுத் தரகர்.

“வாங்கின குடையையே திருப்பிக் குடுக்காதவ எங்க அக்கா. கிட்னி போனா போனதுதான்” என்றார் கார்க்காரர்.

“குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பாலிசி எடுத்துடுங்க சார்” என்றான் ஆறாம் நம்பர். அறையே சிரித்தது. அவன் சிரிப்புதான் எல்லாருடையதையும்விடச் சத்தமாக இருந்தது. இருட்டில் அக்காவும், அந்த நிலைமையிலும், வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் சிரித்துவிட்டாள்.

“போதும், நிறுத்திடு. ரெண்டாவதைப் படிக்காத” என்றாள் மைக்கில்.

கூட்டம் சூடுபிடித்திருக்கிற நேரத்தில் நிறுத்தச் சொல்கிறவர் தன் மேடமாக இருக்க முடியாது, காதில் ஏதோ கோளாறு என்று முடிவு பண்ணின மாணவி, கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள்.

‘தம்பி, விபத்தில் உன் வலது கால் முறிந்தபோது எனக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருந்தது. நான் போகவில்லை. ஒரு வருடம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று நீ என் பக்கத்தில் உட்காருவாயா?’

கார்க்காரர் மூக்கை உறிஞ்சினார். வீட்டுத் தரகர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். ஆறாம் நம்பர் பேண்ட்டுக்கு மேலாகத் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது கடிதம் சின்னது. ‘எனக்கு ஒரு சிறுநீரகம் தேவைப்படுகிறது. தருவதும் மறுப்பதும் முழுக்க உன் இஷ்டம். நீ மறுத்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.’

“ஆறாம் நம்பர் சார், நீங்க ஒண்ணுமே சொல்லலையே? ரெண்டாவது கடிதம் உங்களை எவ்வளவு உருக்குச்சு? ஒண்ணுலேருந்து ஏழுக்குள்ள ஒரு மார்க்.”

“ஒரு கிட்னிக்கு எத்தனை மார்க் தேவைப்படும்மா?”

“அப்படி இல்ல சார்…”

“அந்த அக்கா இப்ப எப்படி இருக்காங்க?”

“இது கற்பனைதான் சார்.”

“கற்பனையா? கற்பனைக்கு ஒரு வருஷம் கட்டில் பக்கத்துல உக்காந்தது யாரு?” அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். “இதுக்குப் பின்னாடி ஆள் இருப்பாங்கல்ல?”

“ஆய்வுக் குழு இருக்கும்னு ஆரம்பத்துலயே சொன்னேனே சார்.”

“குழுவா, ஒத்த ஆளா?”

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வெளியே போனான். அடுத்த நிமிடம் இருட்டறைக் கதவு தட்டப்பட்டது. அவள் திறக்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. அவனே திறந்துகொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

“வலது கால்னு மாத்திப் போட்டா எனக்குத் தெரியாதா?”

அவள் எழுந்து நின்றாள். வாயில் வந்தது, ஒவ்வொரு ஆய்வின் முடிவிலும் படிக்கிற வாசகம்தான். “இந்த ஆய்வில் உங்களிடமிருந்து சில தகவல்கள் மறைக்கப்பட்டன. அதற்காக…”

“அக்கா!”

“…வருந்துகிறோம்” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை.

“எட்டு மாசமா என் இடுப்பையே பாத்துட்டு இருந்த. என் பொண்டாட்டிகூட அப்படிப் பாத்ததில்ல. எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெனச்சியா? மாமாகிட்டக் கேட்டா எச்சிலை முழுங்குறாரு. சரி, வாயைத் திறப்பா, திறப்பான்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து உக்காந்தேன். காபி குடிச்சுக் குடிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. நீ என்னடான்னா ரோட்ல போற ஆளுங்களுக்கு பிஸ்கட் வாங்கிக் குடுத்து அவங்ககிட்டக் கேட்டுட்டு இருக்க!”

சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் கார்க்காரரின் குரல் கேட்டது. “எங்க அக்கா கேட்டா குடுத்துடுவேன். ஆனா எழுதி வாங்கிப்பேன்.” அவள் கையை நீட்டி அதை அணைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படிக் கேக்குறதுன்னு தெரியலடா.”

“உனக்கா? ஊரு பூரா ஒட்டி வச்சிருக்கியே, ரத்தம் குடு, கண்ணைக் குடுன்னு.”

“அதனாலதான். பாவமா மூஞ்சிய வச்சுக்கிட்டா அது எவ்ளோ வேலை செய்யும்னு எனக்குத் தெரியும். அழுதா எவ்ளோன்னு தெரியும். பழசை ஞாபகப்படுத்தினா எவ்ளோன்னு தெரியும். உன்கிட்ட எந்த வாயால கேட்டாலும், கேக்குறது நானா என் வேலையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. நீ குடுத்துட்டாலும், இவனா குடுத்தானா நான் புடுங்கிட்டேனான்னு அந்தக் கிட்னி இருக்கிற வரைக்கும் யோசிச்சுட்டே இருப்பேன்.”

“அதுக்குத்தான் மூணாவது எழுதினியா? உன் இஷ்டம், வருத்தப்பட மாட்டேன்னு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அதான் இருக்கறதுலயே பெரிய தந்திரம். மறுக்கலாம்னு சொன்னா நிறையப் பேரு சம்மதிச்சுடுவாங்க.”

“அடிப்பாவி” என்றான் தம்பி, உண்மையான மரியாதையோடு. “இது தெரியாம இத்தனை வருஷமா பாலிசி வித்துட்டு இருக்கேனே.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை. அவன் தன்னுடையதை எடுத்தான், அதோடு தலை வாரிய சீப்பும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. இரண்டு பேரும் குனியவில்லை.

“அழாத. அழுதா எவ்ளோ வேலை செய்யும்னு இப்பதான் சொன்ன.”

“வேணும்னேவா அழறேன்?”

“எனக்கு எப்படித் தெரியும்? உனக்கே தெரியலங்கற.” அவன் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “நான் குடுக்கறேன்னு சொல்லல. அதைப் புரிஞ்சுக்கோ. எனக்குப் பயமா இருக்கு. ஊசின்னாலே மயக்கம் போடுற ஆளு நான். வீட்டுல அவ என்ன சொல்லுவான்னு தெரியாது. பசங்க இருக்காங்க. எனக்கு நானே பாலிசி எடுத்துக்கல, அது வேற விஷயம்.”

“எடுத்துக்கலையா?”

“கம்பெனியில சொல்லிடாத. நான் சொல்ல வந்தது, நானா வந்து இந்தா வச்சுக்கோன்னு குடுக்க மாட்டேன். அப்படிக் குடுத்தா உனக்குச் சௌகரியமாப் போயிடும். ‘நான் கேக்கவே இல்ல, அவனாத்தான் குடுத்தான்’னு சொல்லிட்டுத் திரியலாம். அன்னிக்கு வெளிநாட்டுப் படிப்பை விட்டியே, போகாதன்னு நான் கேட்டேனா? கேக்க விட்டியா? நீயா முடிவு பண்ணி, நீயா உக்காந்து, இன்னிக்கு அதையே லெட்டரா எழுதுற.”

“அது கணக்குத் தீர்க்கணும்னு எழுதல.”

“அப்புறம் எதுக்கு எழுதின? எனக்கும் ஒரு வாட்டி ‘இல்ல’ன்னு சொல்ல இடம் குடுக்கா. அந்த மூணுலயும் எங்கயும் அதுக்கு இடமே இல்ல. ‘இல்ல’ன்னு சொல்லிட்டா நான் மனுஷனே இல்லங்கற மாதிரி எழுதி வச்சிருக்க.”

அவள் துறையில் ‘இல்லை’ என்ற பதிலுக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. செய்தி தோற்றுவிட்டது என்றுதான் எழுதுவார்கள். எந்த இடத்தில் தோற்றது, அடுத்த முறை எந்த உணர்ச்சியை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று பார்ப்பார்கள். இல்லை என்று சொன்ன மனிதனிடம் போய், சரி, பரவாயில்லை, வா காபி குடிக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவன் இல்லை என்று சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தைப் பார்த்துத் தன்னால் காபியை நீட்ட முடியுமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கஷ்டமாகத்தான் இருந்தது. முடியும் என்றும் தோன்றியது.

“சரி” என்று நிமிர்ந்தாள். தொண்டையைச் செருமினாள். “தம்பி…”

“வேணாம். இது ரேடியோ விளம்பரத்துல நீ பேசுற குரல். இந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பூச்சி மாத்திரை ஞாபகம் வருது.”

“நீ நல்லா யோசிச்சு…”

“மூணாவது லெட்டர்.”

“எனக்கு உன்னை விட்டா…”

“முதல் லெட்டர். அக்கா, உனக்கு என்னதான் வேணும்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணவி எழுந்து ஆறாவது நாற்காலியைக் காட்டி எல்லோரிடமும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கார்க்காரர் கடைசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். இங்கே அக்கா ஒரு பல்லவியும் இல்லாமல், கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியாமல், குரல் கீச்சென்று உடைய, வாயைத் திறந்தாள்.

“எனக்கு உன் கிட்னி ஒண்ணு வேணும்டா. தருவியா?”